ஐந்து லட்சத்துக்குக் கார்பன் கிரெடிட்டா, காலனிக்குள்ளேயே செலவா?

குடியிருப்போர் சங்கத்தின் கார்ப்பஸ் நிதியில், அதாவது பொதுச் சேமிப்பில், கொஞ்சம் பணம் மிச்சம். காலநிலைக்காக ஏதாவது செய்யலாமே என்று பொதுக்குழுவில் ஒருவர் ஆரம்பிக்கிறார். ‘கார்பன் கிரெடிட் வாங்கிட்டா பத்து நிமிஷத்துல வேலை முடிஞ்சுது’ என்கிறார் இன்னொருவர். வேறெங்கோ கரியமில வாயு குறைந்ததற்கான சான்றைக் காசு கொடுத்து வாங்குவதைச் சொல்கிறார். அந்தக் காசுக்கு மாடியில் சோலார் போடலாம் என்று மூன்றாவது குரல், நூறு மரக்கன்று நடலாம் என்று நான்காவது. காபி வருகிறது, கூட்டம் கலைகிறது, பணம் வங்கியிலேயே இருக்கிறது. சென்னையில் இந்த இடத்தில் நின்றுவிட்ட சங்கங்களுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் உதவவே இந்த ஒப்பீடு.

கணக்குக்கு ஓர் உருவம் வேண்டும். வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கத்தில் 40 வீடுகள் கொண்ட ஓர் அடுக்ககத்தை எடுத்துக்கொள்வோம். கையில் 5 லட்சம் ரூபாய். வீட்டுக்கு மாதம் 250 யூனிட், பொது இணைப்புக்கு ஆண்டுக்கு 30,000 யூனிட் என்றால் மொத்தம் ஒன்றரை லட்சம் யூனிட் மின்சாரம். இந்திய மின்தொகுப்பில் (கிரிட்) ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியேறுவதால் அது 105 டன். வீட்டுக்கு ஆண்டுக்கு 8 சிலிண்டர், 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று எரிந்தால் 42 கிலோ கரியமில வாயு. அந்த வகையில் 13 டன். வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் பெட்ரோல், லிட்டருக்கு 2.3 கிலோ என்று 33 டன். ஈரக்குப்பை கிடங்கில் அழுகி விடும் மீத்தேனையும் சேர்த்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 155 டன் வருகிறது. விமானப் பயணங்கள் இதில் சேரவில்லை. சென்னையிலிருந்து டெல்லிக்குப் போய்வர ஒருவருக்குச் சுமார் 0.3 டன் தனி.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், ஒரு டன் குறைக்க ஆகும் செலவு. வாங்கும் விலையோடு பராமரிப்பையும் கூட்டி, மின் கட்டணத்தில் மிச்சமாவதைக் கழித்த பிறகு நிற்கும் தொகையைத்தான் சொல்கிறோம்.

இரண்டாவது, அந்த டன் உண்மையிலேயே குறைந்ததா என்பது. உங்கள் பணம் வராவிட்டாலும் நடந்திருக்கக்கூடிய ஒன்றுக்கு நீங்கள் பணம் கொடுத்தால் காற்றில் ஒன்றும் மாறாது. கிரெடிட்டுக்கு மட்டுமல்ல, உள்ளூர் வேலைக்கும் இதே கேள்வி உண்டு.

மூன்றாவது, ரூபாய் எங்கே போய் நிற்கிறது. இங்கே பலரும் பாதியைத்தான் பார்க்கிறார்கள். உள்ளூர் ஆளுக்குக் கொடுத்த கூலி உள்ளூரில் நிற்கும், சரி. ஊரை விட்டு வெளியே போகாமல் நின்ற மின் கட்டணமும் டீசல் காசும் கூட உள்ளூரில் நிற்கும் பணம்தான். எண்ணூர் வட்டாரத்து அனல்மின் உலைகளுக்கு நிலக்கரி ஒடிசாவிலிருந்து பாரதீப் வழியாகக் கப்பலில் வருகிறது. நீங்கள் அணைத்த விளக்கு இந்த உலையில்தான் கரியைக் குறைத்தது என்று சுட்டிக்காட்ட முடியாது. மின்தொகுப்பு அப்படி இயங்குவதில்லை. ஆனாலும் எரிபொருளுக்காக வெளியே போகும் பணம் அந்த அளவுக்குக் குறைகிறது.

நான்காவது, மாதாமாதம் யார் உழைப்பது. சங்கத் திட்டங்கள் படுத்துவிடுவது பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான். ஐந்தாவதாக, வெள்ளத்துக்கும் வெயிலுக்கும் அது ஏதாவது பயன்படுமா என்பதையும் பாருங்கள்.

## கார்பன் கிரெடிட்

ஒரு கிரெடிட் என்பது ஒரு டன் கரியமில வாயு. எங்கோ ஒரு காடு காப்பாற்றப்பட்டது, ஒரு கிராமத்தில் புகை குறைந்த அடுப்பு கொடுக்கப்பட்டது, ஒரு காற்றாலை ஓடியது என்பதற்காக வெர்ரா, கோல்டு ஸ்டாண்டர்டு போன்ற பதிவகங்கள் வரிசை எண்ணோடு வழங்கும் சான்று அது. நீங்கள் வாங்கி, உங்கள் பெயரில் அதை ‘ரிட்டயர்’ செய்ய வேண்டும். அதாவது இனி வேறு யாரும் விற்கவோ கணக்குக் காட்டவோ முடியாதபடி பதிவேட்டில் மூடிவிட வேண்டும்.

விலையைப் பார்த்தால் மயக்கம் வரும். பழைய காற்றாலை, சோலார் கிரெடிட் டன் 300 ரூபாய்க்கும் கிடைக்கும். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தாலும் 5 லட்சத்தில் 1,400 டன். நம் அடுக்ககத்தின் ஒன்பது ஆண்டு உமிழ்வு ஒரே ரசீதில் துடைத்தாகிவிட்டது! காகிதத்தில்.

காற்றாலை ஏற்கெனவே நிற்கிறது. மின்சாரத்தை விற்றே அது பிழைக்கிறது. நீங்கள் தரும் 300 ரூபாய் இல்லாவிட்டால் இறக்கைகள் நின்றுவிடப் போவதில்லை. இதை உணர்ந்துதான் அந்த இரண்டு பதிவகங்களும் மிகவும் பின்தங்கிய நாடுகள் தவிர மற்ற இடங்களில் மின்தொகுப்போடு இணைந்த புதிய காற்றாலை, சோலார் திட்டங்களைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டன. கிரெடிட்டுகளின் தரத்துக்கு அளவுகோல் வகுக்கும் ஐ.சி.வி.சி.எம். என்ற சர்வதேச அமைப்பும், புழக்கத்தில் இருந்த புதுப்பிக்கத்தக்க எரிசக்தி வழிமுறைகளுக்குத் தன் முத்திரை கிடையாது என்று 2024 ஆகஸ்டில் சொல்லிவிட்டது.

சென்னைக்காரர்கள் தடுக்கி விழும் இடம் இது. முப்பந்தல், கயத்தாறு, பல்லடம் என்று நம் மாநிலம் முழுக்கக் காற்றாலைகள். கியோட்டோ ஒப்பந்தக் காலத்தில் இங்கிருந்து ஏராளமான கிரெடிட்டுகள் வெளிநாட்டுக்கு விற்கப்பட்டன. ‘தமிழ்நாட்டுக் காற்றாலை கிரெடிட்டையே வாங்குவோம், பணம் நம்மூரிலேயே இருக்கும்’ என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். பணம் ஆலை முதலாளிக்கும் தரகருக்கும் போகிறது. வேலையும் கூடவில்லை, இறக்கையும் கூடவில்லை. உள்ளூர் முகவரி இருப்பதால் அது உள்ளூர்ச் செலவாகிவிடாது.

காட்டுக் கிரெடிட்டின் சிக்கல் வேறு. ‘நாங்கள் இல்லாவிட்டால் இவ்வளவு காடு அழிந்திருக்கும்’ என்ற ஊகத்தின் மேல்தான் மொத்தக் கணக்கும் நிற்கிறது. ஊகத்தைப் பெரிதாக்கினால் கிரெடிட் பெருகும். வெர்ராவின் மழைக்காட்டுக் கிரெடிட்டுகளில் பெரும்பகுதி உண்மையான குறைப்பு அல்ல என்று 2023 ஜனவரியில் தி கார்டியன், டி சைட் இதழ்கள் வெளியிட்ட விசாரணை சந்தையையே உலுக்கியது. அடுப்புத் திட்டங்களைக் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசி, தாங்கள் எடுத்துக்கொண்ட மாதிரியில் ஏறக்குறைய ஒன்பது மடங்கு அதிகமாகக் கிரெடிட் கொடுக்கப்பட்டிருப்பதாக 2024-இல் எழுதினார்கள். அடுப்பைக் கொடுத்தார்கள், பழைய விறகடுப்பும் பக்கத்திலேயே எரிந்தது. கணக்கில் அது வரவில்லை.

தரமான கிரெடிட்டே கிடையாது என்பதல்ல. மறுகாடு வளர்ப்பு, பயோசார் (தாவரக் கழிவைக் கரியாக்கி மண்ணில் சேர்ப்பது) போன்றவற்றில் நம்பத்தக்கவை உண்டு. முதல் வகை டன்னுக்கு ஆயிரம், இரண்டாயிரம் அல்லது அதற்கும் மேல். பயோசார் பத்தாயிரத்தைத் தாண்டும். 2,000 ரூபாய் கிரெடிட் என்று வைத்தால் வரியோடு 5 லட்சத்தில் 212 டன். இந்த 212-ஐ நினைவில் வைத்திருங்கள், பின்னால் வேண்டும்.

வாங்குவதானால் முதலில் பதிவகத்தின் இணையதளத்தில் திட்ட எண்ணைப் போட்டுத் திட்ட ஆவணத்தையும் சரிபார்ப்பு அறிக்கையையும் இறக்கிப் பாருங்கள். கிரெடிட் எந்த ஆண்டு உமிழ்வுக்கானது என்று பாருங்கள். பத்து வருடப் பழசு என்றால் மலிவின் காரணம் புரிந்துவிடும். காசு கொடுத்தபின் வரிசை எண் வரம்பும், பயனாளி என்ற இடத்தில் உங்கள் சங்கத்தின் பெயரும் பதிவகத்தின் பக்கத்திலேயே தெரிகிறதா என்று சரிபாருங்கள். இடைத்தரகர் தன் லோகோ போட்டு அனுப்பும் பி.டி.எஃப். சான்றிதழ் போதாது. கிரெடிட் வாங்குவது நன்கொடை அல்ல என்பதால் 80ஜி வரிவிலக்கும் கிடையாது.

ஆண்டுதோறும் திரும்ப வாங்க வேண்டும் என்பதுதான் இதன் பெரிய மறைசெலவு. இந்த வருட உமிழ்வுக்கு வாங்கினால் அடுத்த வருட மீட்டர் வழக்கம்போல ஓடும்.

எப்போது கிரெடிட் சரி? வாடகை இடத்தில் நடக்கும் அலுவலகம், மாடியும் நம்முடையதல்ல, மின்சாரமும் உரிமையாளர் கையில், ஊழியர்களோ அடிக்கடி விமானத்தில் பறக்கிறார்கள் என்றால், நல்ல கிரெடிட்டில் கொஞ்சம் போடுவதைக் குறை சொல்ல முடியாது. குறைக்க முடிந்ததையெல்லாம் குறைத்துவிட்டு மிச்சத்துக்கு வாங்குவதும் முறையே. ஏற்றுமதியாளர்கள் மட்டும் கவனிக்கவும்: கிரெடிட் வாங்கியதை வைத்துப் பொருளின் மேல் ‘கார்பன் நடுநிலை’ என்று அச்சடிப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2026 செப்டம்பர் 27 முதல் தடை செய்கிறது. அங்கே எல்லையில் வசூலிக்கும் கார்பன் வரிக்கும் இந்தத் தன்னார்வக் கிரெடிட் செல்லாது. இந்தியாவிலும் ஆதாரமற்ற பசுமை விளம்பரங்களுக்கு எதிராக 2024 அக்டோபரில் வழிகாட்டு நெறிகள் வந்துவிட்டன.

## மொட்டைமாடி சோலார்

பொது இணைப்பில் 5 கிலோவாட் போடுவோம். கிலோவாட்டுக்கு 60,000 என்று 3 லட்சம். மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் என்பதால் 90,000 போகக் கையிலிருந்து 2.1 லட்சம். சென்னை வெயிலில் கிலோவாட் ஒன்று ஆண்டுக்குச் சுமார் 1,400 யூனிட் தரும். மொத்தம் 7,000 யூனிட், ஏறக்குறைய 4.9 டன். லிஃப்ட் உள்ள அடுக்ககங்களின் பொது இணைப்புக்கு யூனிட் 8 ரூபாய்க்கு மேல் கட்டுகிறோம். உற்பத்தி முழுவதையும் நாமே பயன்படுத்தினால் ஆண்டுக்கு 56,000 ரூபாய் மிச்சம். நான்கு வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும்.

அந்த ‘முழுவதையும் நாமே பயன்படுத்தினால்’ என்பதில்தான் சூட்சுமம். மாடிப்படி விளக்கு இரவில்தான் எரிகிறது. பகலில் ஓடும் பொதுச் சுமை தண்ணீர் மோட்டாரும் லிஃப்டும். காலை ஐந்து மணிக்கு வாட்ச்மேன் மோட்டார் போடும் பழக்கத்தை மாற்றி, டைமர் வைத்துப் பத்திலிருந்து இரண்டுக்குள் தொட்டியை நிரப்புங்கள். சில ஆயிரம் ரூபாய் டைமர் செய்யும் வேலையை இன்னொரு கிலோவாட் பேனல் செய்யாது. மிஞ்சி வெளியே போகும் மின்சாரம் யூனிட்டுக்கு யூனிட் கழியுமா, வேறு விலையில் கணக்காகுமா என்பது இணைப்பின் வகையைப் பொறுத்தது. விண்ணப்பிக்கும் முன்பே மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அனுமதிக்கப்பட்ட மின்பளுவுக்கு மேல் சோலார் போட முடியாது என்பதையும் கொட்டேஷன் வாங்கும் முன் பார்த்துவிடுங்கள்.

என்னென்ன கெடும்? கடற்கரையிலிருந்து இரண்டு, மூன்று கிலோமீட்டருக்குள், அதாவது திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம், மெல்லிய ஜி.ஐ. குழாய்த் தாங்கிகள் சில வருடத்தில் துருவேறிவிடும். உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த ‘ஹாட் டிப்’ கம்பி, துருப்பிடிக்காத எஃகு போல்ட் என்று ஆர்டரிலேயே எழுதுங்கள். தளத்தைத் துளைத்து நங்கூரமிட்டால் மேலே போட்ட ஓட்டுப்பூச்சு உடைந்து, மேல்மாடி வீட்டில் ஒழுகத் தொடங்கும்; அந்த வீட்டுக்காரர் அடுத்த கூட்டத்தில் உங்களை விடமாட்டார். சிமென்ட் பீடம் கட்டி எடை வைப்பது நல்லது, ஆனால் வர்தா மாதிரிப் புயலுக்குத் தாங்கும் என்று கட்டமைப்புப் பொறியாளரின் கையெழுத்து வேண்டும். பேனலிலிருந்து வரும் டி.சி. மின்சாரம், இன்வெர்ட்டரிலிருந்து போகும் ஏ.சி. மின்சாரம், இடிதாங்கி மூன்றுக்கும் தனித்தனி எர்த் குழி. தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு பேனலின் ஓரத்தில் விழுந்தாலும் அந்த வரிசையே தளர்ந்துவிடும். இன்வெர்ட்டரை எட்டிலிருந்து பன்னிரண்டு வருடத்துக்குள் மாற்ற நேரும். 50,000 ஒதுக்கி வையுங்கள். பேனல் கழுவ வருடம் 5,000.

கரன்ட் போனால் இந்த சோலாரும் நின்றுவிடும் என்பதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். கம்பியில் வேலை செய்யும் லைன்மேன் உயிருக்காகச் செய்த ஏற்பாடு அது. புயல் நாளில் விளக்கு எரிய பேட்டரி வேண்டும், அது வேறு செலவு.

பணம் எங்கே நிற்கிறது? பேனலும் இன்வெர்ட்டரும் செலவில் பாதிக்கு மேல். அது பெரும்பாலும் ஊருக்கு வெளியே போகிறது. மானியத்துக்கு இந்திய செல் கொண்ட பேனல்தான் செல்லும் என்பதால் நாட்டுக்குள்ளாவது நிற்கிறது. தாங்கி அடிப்பதும் வயரிங்கும் இங்கேயே. பிறகு ஆண்டுக்கு 56,000 சங்கத்தின் கணக்கில் நிற்கிறது.

‘நம் சோலாருக்கு நாமே கார்பன் கிரெடிட் விற்கலாமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. ஐந்து டன், டன் 300 என்றால் வருடம் 1,500 ரூபாய். சரிபார்க்க வருபவரின் போக்குவரத்துச் செலவுக்கே அது காணாது.

## மின்விசிறி மாற்றம்

கவர்ச்சியே இல்லாத வழி இது. திறப்பு விழா வைக்க முடியாது, ரிப்பன் வெட்ட முடியாது. ஆனால் கணக்கில் முதலிடம் இதற்குத்தான்.

பழைய விசிறி 75 வாட், எலக்ட்ரானிக் போர்டால் இயங்கும் புதுவகை மோட்டார் கொண்ட பி.எல்.டி.சி. விசிறி 30 வாட். ஒரு நாளில் 12 மணி நேரம், வருடத்தில் 300 நாள் ஓடினால் 162 யூனிட் மிச்சம். விலை 3,000 ரூபாய் சுற்றி. வீட்டுக்கு ஹாலில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று என்று 80 விசிறிகள் 2.4 லட்சம். ஆண்டுக்கு ஏறக்குறைய 13,000 யூனிட், 9 டன். சோலாருக்குப் போட்ட அதே அளவு பணத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

பணத்தைச் சும்மா கொடுத்துவிடாமல் சுழல் நிதியாக்குங்கள். சங்கம் மொத்தமாகப் பேசி வாங்கி மாட்டிக்கொடுத்து, வீட்டுக்கு 6,000 ரூபாயை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 250 வீதம் நான்கு வருடத்தில் வசூலிக்கட்டும். ஒரு பில்லில் மிச்சமாவதே, யூனிட் 5 ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும், சுமார் 270. பில் 500 யூனிட்டைச் சற்றே தாண்டும் வீடுகளுக்கு லாபம் இன்னும் அதிகம். தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் கூடிய விலை போடுவார்கள்; விசிறி மாறியதும் கோட்டுக்குக் கீழே இறங்கிவிடலாம். இலவச 100 யூனிட்டுக்குள் அடங்கிவிடும் பூட்டிய வீட்டுக்கு இதனால் பைசா லாபமில்லை, அதை விட்டுவிடுங்கள்.

இரண்டு தவறுகள் வழக்கமாக நடக்கின்றன. சுவரில் உள்ள பழைய ரெகுலேட்டரை எடுக்காமலே மாட்டி, வேகத்தைக் குறைக்க அதைத் திருகிவிடுகிறார்கள். விசிறியின் எலக்ட்ரானிக் போர்டு போய்விடுகிறது. பழைய விசிறியில் ஐம்பது, நூறு ரூபாய் கண்டென்சர் மாற்றினால் முடிந்தது. இதில் போர்டு சில நூறுகள் ஆகும், எல்லாக் கடையிலும் கிடைக்காது. உள்ளூரில் சர்வீஸ் உள்ள, குறைந்தது இரண்டு வருட உத்தரவாதம் தரும் பிராண்டைப் பாருங்கள்.

அடுத்த தவறு, கழற்றிய விசிறிகளை யாருக்காவது கொடுத்துவிடுவது. நல்ல மனசுதான், ஆனால் விசிறி வேறு வீட்டில் அதே 75 வாட் இழுக்கும். கிரெடிட் சந்தையில் எதைக் கசிவு என்று சொல்லி அடித்துக்கொள்கிறார்களோ அது இங்கே நம் தெருவிலேயே நடக்கிறது. விசிறியே இல்லாத வீட்டுக்குப் போனால் வேறு கதை. மற்றபடி காயலான் கடைதான் அதற்கு இடம். செம்புச் சுருளுக்கு நல்ல விலை உண்டு.

இடையில் ஏசி பற்றி ஒரு வார்த்தை. பழைய ஏசியின் ஆர்-22 வாயு ஒரு கிலோ வெளியேறினால் அது 1.8 டன் கரியமில வாயுவுக்குச் சமம். கசிவை அடைக்காமல் வருடாவருடம் ‘கேஸ் ஃபில்லிங்’ செய்துகொள்ளும் வீடு, டெல்லிக்கு ஆறு முறை பறந்து திரும்பியதற்குச் சமமான வேலையை ஜன்னலோரத்தில் செய்கிறது. கசிவைக் கண்டுபிடித்துப் பற்றவைத்த பிறகே கேஸ் போடச் சொல்லுங்கள்.

## ஈரக்குப்பையை உரமாக்குதல்

நாற்பது வீட்டில் நாளுக்குச் சுமார் 28 கிலோ ஈரக்குப்பை, ஆண்டுக்குப் பத்து டன். பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குகள் மாதிரி ஆழமான குவியலில் காற்றில்லாமல் அழுகினால் டன்னுக்கு அரை டன் முதல் ஒரு டன் வரை கரியமில வாயுவுக்கு இணையான மீத்தேன். ஆக, தவிர்ப்பது 5 முதல் 10 டன்.

தேன்கூடு போல இடைவெளி விட்டுக் கட்டிய செங்கல் தொட்டிகள் மூன்று, நான்கடிக்கு நான்கடி, மூன்றடி உயரம், மேலே தகரக் கூரை. 50,000 ரூபாய்க்குள் முடித்துவிடலாம். ஒரு தொட்டி நிரம்பும்வரை அடுத்ததைத் தொடக்கூடாது. ஒரு வாளிக் குப்பைக்கு ஒரு வாளிக் காய்ந்த இலை. கையில் எடுத்துப் பிழிந்தால் ஒரு சொட்டு, இரண்டு சொட்டுத்தான் வர வேண்டும். வாரம் ஒருமுறை கிளறினால் 45 முதல் 60 நாளில் உரம்.

உண்மையான செலவு ஆள். அரை நாள் வேலைக்கு மாதம் 5,500 என்றால் ஆண்டுக்கு 66,000. இதைத் தூய்மைப் பணியாளரின் தலையில் கூடுதல் சம்பளமில்லாமல் கட்டும் சங்கங்களில் மூன்றாவது மாதமே தொட்டி நாறும். கையுறை, முகக்கவசம், நீண்ட முள்கரண்டி இல்லாமல் தொடங்கவே வேண்டாம். அதே சமயம், இங்கே பார்க்கும் ஐந்து வழிகளில் கிட்டத்தட்ட முழுப் பணமும் உங்கள் பகுதியில் ஒருவர் கையில் கூலியாகச் சேர்வது இதில் மட்டும்தான்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான் சோதனை. ஈரம் ஏறி, காற்று அடைபட்டால் தொட்டிக்குள்ளேயே மீத்தேன் உருவாகும். கிடங்கில் நடப்பது உங்கள் வாசலில் நடக்கும். கோடையிலேயே இருபது மூட்டை காய்ந்த இலை சேர்த்து வையுங்கள். சாம்பார், ரசம் மிச்சத்தை வடிகட்டிவிட்டுப் போடச் சொல்லுங்கள். வெள்ளைப் புழுக்களைக் கண்டு அலறி மருந்தடிப்பவர்கள் உண்டு; அவை குப்பையைத் தின்று உங்கள் வேலையைக் குறைப்பவை. தானியங்கி உரம் செய்யும் மின்கருவி என்று சில லட்சத்துக்கு விற்பார்கள். அவற்றில் பல, குப்பையைச் சூடேற்றிக் காயவைப்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. வெளியே வருவது காய்ந்த சோறு. தண்ணீர் பட்டால் மறுபடி நாறும், மின்கட்டணமோ தனி.

ஐயாயிரம் சதுர மீட்டருக்கு மேல் உள்ள வளாகங்களுக்கு ஈரக்குப்பையைத் தங்கள் இடத்திலேயே கையாளும் கடமையை 2016 திடக்கழிவு விதிகள் விதித்தன. பெரிய வளாகம் இதைச் சாதனையாக மேடையில் சொல்வதற்கில்லை.

## மரமும் நீரும்

நன்கு வளர்ந்த மரம் ஆண்டுக்கு இழுப்பது சுமார் 20 கிலோ. நூறு கன்று நட்டு அறுபது பிழைத்தால், பத்து வருடம் கழித்து ஆண்டுக்கு ஒரு டன்னைச் சற்றே தாண்டும். விசிறிகள் முதல் ஆண்டிலேயே ஒன்பது டன் குறைத்துவிட்டன. கார்பனுக்காக மரம் நடாதீர்கள்.

நிழலுக்காக நடுங்கள். மே மாதத்தில் நிழல் விழும் மேற்குச் சுவரின் வீட்டில் ஏசி குறைவாக ஓடும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சாய்த்தவற்றில் தூங்குமூஞ்சி, மயில்கொன்றை, பெருங்கொன்றை நிறைய. புங்கன், பூவரசு, வேம்பு, மகிழம் வையுங்கள். மின்கம்பிக்குக் கீழே எதையும் வைக்காதீர்கள். நடைபாதைக் கல்லைத் தண்டு வரை ஒட்டிவிட்டால் வேர் மூச்சுவிடாது. கூண்டு, இரண்டு கோடைக்குத் தண்ணீர் சேர்த்து ஒரு மரத்துக்கு 2,500 ஆகும். கன்றின் விலை அதில் ஒரு சிறு துண்டு.

நீருக்கும் அதே பதில். 2003-லிருந்து மழைநீர் சேகரிப்பு கட்டாயம். பெரும்பாலான கட்டடங்களில் குழாய் இருக்கிறது, வடிகட்டித் தொட்டியில் ஜல்லி மேல் சேறு படிந்து தண்ணீர் இறங்குவதில்லை. செப்டம்பரில் ஜல்லியைக் கழுவிப் போட்டு, உறைகிணற்றைத் தூர்வாரினால் அடுத்த கோடையில் சில தண்ணீர் லாரிகள் குறையும். 2019 ஜூனில் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை அனுபவித்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஏரியைத் தூர்வாருவது ஒரு சங்கத்தின் பணத்தில் ஆகாது. அனுமதி, எந்திர வாடகை, கரை என்று செலவு வேறு அளவில் ஓடும். பல சங்கங்கள் சேர்ந்தால், அல்லது சி.எஸ்.ஆர். (நிறுவன சமூகப் பொறுப்பு) நிதி உள்ள நிறுவனம் கூட வந்தால் பேசலாம். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவே தன் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது. கார்பன் கணக்கில் மட்டும் ஏரிக்குப் பூஜ்யம் என்று எழுதிவிடுங்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| வழி | கைச்செலவு | ஆண்டுக் குறைப்பு | பணம் நிற்பது | கவிழ்ப்பது |
|---|---|---|---|---|
| மலிவு கிரெடிட் | 5 லட்சம் | காகிதத்தில் 1,400 டன், ஒருமுறை | வெளியே | நடந்ததற்கே காசு |
| தரமான கிரெடிட் | 5 லட்சம் | 212 டன், ஒருமுறை | திட்டம் உள்ள ஊரில், தரகு போக | ஊகக் கணக்கு |
| சோலார் 5 கிலோவாட் | 2.1 லட்சம் | 4.9 டன் | பாதி வெளியே. மிச்சப் பணம் சங்கத்தில் | நிழல், துரு, ஒழுகல் |
| 80 விசிறி | 2.4 லட்சம், திரும்பி வரும் | 9 டன் | மிச்சப் பணம் வீடுகளில் | ரெகுலேட்டர், பழைய விசிறி |
| உரத்தொட்டி | 50,000 + ஆண்டுக்கு 66,000 | 5 முதல் 10 டன் | கூலியாக இங்கேயே | மழை, ஆள் இல்லாமை |
| 100 மரம் | 2.5 லட்சம் | பத்தாண்டுக்குப் பின் 1 டன் | பெரும்பாலும் இங்கே | கோடை, கான்கிரீட் |

விசிறி, சோலார், உரத்தொட்டி மூன்றும் சேர்ந்து முதலீடு சரியாக 5 லட்சம். ஆண்டுக்கு 19 முதல் 24 டன் குறையும். பத்தாண்டில் சுமார் 200 டன். தரமான கிரெடிட்டில் ஒரே நாளில் வாங்கிய 212-க்கு அருகில் வந்துவிட்டோம். மின்தொகுப்பில் காற்றும் சோலாரும் கூடக் கூட யூனிட்டுக்கு 0.7 என்பது இறங்கும் என்பதால் இருநூறு இன்னும் கொஞ்சம் குறையலாம். ஆனால் கிரெடிட்டுக்குக் கொடுத்த 5 லட்சம் போனது போனதுதான். இங்கே விசிறிக்கான 2.4 லட்சம் நான்கு வருடத்தில் திரும்பி வந்து அடுத்த வேலைக்குத் தயாராகிறது. சோலார் மிச்சப்படுத்தும் 56,000 உரத்தொட்டி ஆளின் சம்பளத்தில் பெரும்பகுதியைச் சுமக்கிறது. பேனல் கழுவவும் துண்டு விழும் தொகைக்கும் வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் மெயின்டனன்ஸ் கூட்டினால் போதும்.

எங்கள் வரிசை இது: முதலில் விசிறி, அடுத்து தொட்டி, மாடியில் நிழலில்லாத இடமும் உறுப்பினர் ஒப்புதலும் இருந்தால் சோலார். தினமும் தொட்டியைப் பார்க்க ஒருவரை உறுதியாகச் சொல்ல முடியாத சங்கம் தொட்டியை விட்டுவிட்டு அந்த ஐம்பதாயிரத்தை உறைகிணற்றில் போடட்டும். விமானத்தில் அதிகம் பறப்பவர்கள் தங்கள் சொந்தக் காசில் நல்ல கிரெடிட் வாங்கட்டும். அதைச் சங்கப் பணத்தில் செய்ய வேண்டிய நியாயம் இல்லை.

உள்ளூர் வேலையைச் செய்துவிட்டு அதை ‘ஈடு’ என்று அழைக்காதீர்கள். 155 டன்னில் இருபது சொச்சம் குறைந்தது என்றால் 130-க்கு மேல் இன்னும் வெளியேறுகிறது. வாசலில் ‘கார்பன் நடுநிலை வளாகம்’ என்று பலகை வைக்காமல், ஈபி பில்லின் யூனிட்டை எழுதுங்கள். அதற்குக் கடந்த ஆறு பில்கள், அதாவது ஒரு முழு ஆண்டு, கையில் வேண்டும். பொது இணைப்பின் எண்ணைப் போட்டால் மின்வாரிய இணையதளத்திலேயே பழைய கணக்கு வரும். வீடுகளின் பில்லை அவரவர்தான் தர வேண்டும். முதல் கொட்டேஷன் வாங்குவதற்கு முன்பே அதைச் சேகரியுங்கள். வேலை முடிந்த பிறகு யாரும் தேடித் தருவதில்லை.